இளக மறுக்கும் போல்ட்: பொறுமையும் ஒரு முதலீடே

தில்லி குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணைக் காணாத தலைநகர்வாசி அரிது. 7 மீட்டருக்கும் மிகுந்த உயரமும் 6 டன்னுக்கும் மிகுந்த எடையும் கொண்ட அத்தூண், ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி வருகிறது. அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ், மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகத் துணைசெய்தது என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் தம் ஆய்வுகளில் விளக்கினார். நம் காரின் பிரேக்கைத் தாங்கும் போல்ட்டுகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவை சில ஆண்டுகளிலேயே துருவேறி இறுகிவிடுகின்றன.

நின்று நின்று செல்லும் தில்லிப் போக்குவரத்தில் பிரேக் பேட்கள் விரைவில் தேய்வது இயல்பு. அவற்றை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் ஆர்வம் வாடிக்கையாளர் பலரிடம் காணப்படுகிறது. வேலை கடினமானதன்று. ஆயினும் ஒரேயொரு போல்ட் இளக மறுத்தால் அரை நாள் வீணாகும். அவசரப்பட்டால் பொருளுக்கும் உடலுக்கும் சேதம் நேரும். ஆகவே, அந்த ஒரு போல்ட்டைப் பற்றி இங்கே காண்போம்.

ஏன் இறுகுகிறது?

துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைப்பது. மரையின் நுண்ணிய இடுக்குகளில் அது வளரும்போது ஆப்பு அடித்தாற்போல் போல்ட்டைக் கவ்விக்கொள்கிறது. பிரேக் பகுதி ஒவ்வொரு பயணத்திலும் சூடேறிக் குளிர்வதால் அப்பிடி மேலும் வலுக்கிறது. சென்னையிலிருந்து மாற்றலாகி வருவோரின் கார்கள் கடற்காற்றின் உப்பையும் உடன் கொண்டுவருகின்றன. 2023 ஜூலை 13 அன்று யமுனை, பழைய ரயில் பாலத்தருகே 208.66 மீட்டர் என்னும் இதுவரை காணாத அளவை எட்டி நகருக்குள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் நின்று, பின்னர் பல வாரங்கள் ஓடாமல் கிடந்த காரில் இறுகாத போல்ட்டைக் காண்பதே அரிது. சாலையோர டயர் கடையில் காற்றழுத்தக் கருவியால் அளவின்றி முடுக்கப்பட்ட சக்கர நட்டுகளும் இவ்வரிசையில் சேரும்.

முதலில் பாதுகாப்பு

இறுகிய போல்ட்டை நாம் இழுக்கும் விசை, காரையே அசைக்க வல்லது. காருடன் வரும் ஜாக்கியை மட்டும் நம்பி அவ்வாறு இழுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சமதளமான, உறுதியான தரையில் காரை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்க வேண்டும். சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கிவிட வேண்டும். பின்னரே காரை உயர்த்தி, உரிய இடத்தில் ஜாக் ஸ்டாண்டு கொடுத்து, காரை மெல்ல அசைத்து உறுதியைச் சோதித்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

படிப்படியான வழி

முதற்படி, திசையை உறுதி செய்வது. காலிப்பர் போல்ட்டுகளின் தலை பெரும்பாலும் காரின் உட்புறம் நோக்கியிருக்கும். வெளிப்புறமிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு வலமும் இடமும் மாறித் தோன்றும். இளக்குவதாக எண்ணி மேலும் முடுக்குவது இவ்வேலையில் மிகச் சாதாரணமாக நேர்வது. போல்ட்டின் தலைக்கு நேரே நின்று பார்ப்பதாகக் கருதி, இடப்புறம் திருப்ப வேண்டும்.

இரண்டாவது, சரியான கருவி. ஆறு முனை கொண்ட சாக்கெட் போல்ட்டுத் தலையின் பக்கங்களை முழுமையாகப் பற்றும். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் தளர்வான ஸ்பேனரும் தலையை மழுக்கிவிடும்.

மூன்றாவது, எண்ணெயும் காலமும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து நீக்கி, துருவை ஊடுருவும் எண்ணெயை மரை தொடங்கும் இடத்தில் விட வேண்டும். பலரும் அறிந்த டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விலக்கும் நோக்கத்துடன் உருவாக்கப்பட்டது. துருவை இளக்குவதற்கென்றே தனி எண்ணெய்களும் கடைகளில் உண்டு. எதுவாயினும் ஐந்து நிமிடத்தில் அற்புதம் நிகழாது. ஓர் இரவு ஊற விடுவதே நலம். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளியும் படலாகாது.

நான்காவது, அதிர்வு. போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகச் சில முறை தட்டினால் துருவின் பிடி விரிசல் காணும். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளுக்கு, சுத்தியலால் அடிக்கும்போதே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஏற்றது.

ஐந்தாவது, நெம்புகோல். திருப்புவிசை என்பது விசை, கைப்பிடியின் நீளம் ஆகிய இரண்டின் பெருக்கல். அசலும் காலமும் பெருகி வட்டியாவது போன்ற கணக்கே இதுவும். அரை மீட்டர் கைப்பிடியின் முனையில் 20 கிலோ எடைக்கு நிகராக இழுத்தால் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். குழாயைச் செருகி நீளத்தை ஒரு மீட்டராக்கினால் அது இரட்டிப்பாகும். 10 மி.மீ. தடிமனுள்ள சாதாரண உயர்வலிமை போல்ட்டின் வழக்கமான இறுக்கமோ சுமார் 50 மட்டுமே. நீண்ட குழாய், போல்ட்டை இளக்குவதற்குப் பதில் முறித்துவிடக்கூடும் என்பதற்கு இக்கணக்கே சான்று. ஆகவே சீராக இழுக்க வேண்டும். முதலில் இம்மியளவு முடுக்கி, பின்னர் இளக்கினால் துரு உடையும். சற்றே அசைந்ததும் அரைச்சுற்று வெளியே, கால்சுற்று உள்ளே என எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் திருப்பலாம்.

பின்சக்கர டிரம் வர மறுத்தால், கைப் பிரேக்கை விடுவித்திருக்கிறோமா என்று முதலில் காண வேண்டும். பல கார்களின் டிரம்மில் மரையிட்ட இரு துளைகள் உண்டு. அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாறிமாறிச் சமமாக முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும்.

எங்கே நிறுத்துவது?

தலை மழுங்கத் தொடங்கினாலோ, போல்ட் திரும்பாமல் முறுக்கிக்கொள்வதாகத் தோன்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கும் செலவு, பேட்களின் விலையையும் விஞ்சலாம். தீயால் சூடேற்றுவதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நன்று. அருகில் ரப்பர் உறைகளும் எரியக்கூடிய பிரேக் ஆயிலும் உள்ளன. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் சூடு பட்டால் நச்சு வாயுவும் எழும்.

திரும்ப மாட்டும்போது

துருவேறிய போல்ட்டை மீண்டும் பயன்படுத்தாமல், காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையிலோ நிறுவனத்தின் முகவரிடமோ அதே அளவும் தரமும் உள்ள புதியதை ரசீதுடன் வாங்க வேண்டும். கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்குவதே முறை. காரை நகர்த்துமுன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, அது உறுதியாக நிற்பதைக் காண வேண்டும். தவறினால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. சுமார் 100 கி.மீ. ஓடியபின் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

செலவுக் கணக்கிலும் ஒரு குறிப்பு: வழக்கமான மோட்டார் காப்பீடு, தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் ஈடு தருவதில்லை, வாகனத்தை நல்ல நிலையில் பேணும் கடமையும் உரிமையாளருடையதே. கார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருப்பின், அதன் நிபந்தனைகளைப் படித்த பின்னரே கருவியை எடுக்க வேண்டும்.

காஷ்மீரி கேட் கடைகள் ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும். எனவே வெள்ளி இரவு எண்ணெய் விட்டு, சனி காலையில் வேலையைத் தொடங்குவது வசதி. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிக்கும் விடுமுறை. போல்ட் முறிந்தாலும் புதியது வாங்கப் பகல் முழுவதும் இருக்கும்.