இனாமல்ல, கடன்

அமெரிக்காவிலே வாகன விபத்தில் அடிபட்ட ஒருவர்; மருத்துவக் காப்புறுதி இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துத் துண்டு கையில் இருக்கிறது, காசு இல்லை. நஷ்டஈட்டு வழக்கு முடிய வருடக்கணக்காகலாம். அவருடைய சட்டத்தரணியே மருந்து வாங்கிக் கொடுத்தாலென்ன என்று கேட்பீர்கள். அங்குள்ள அநேக மாநிலங்களின் தொழில் ஒழுக்க விதிகள் அதைத் தடுக்கின்றன.

அங்கேதான் ‘பாமஸி லீன்’ வருகிறது. லீன் என்றால், வரப்போகும் பணத்தின் மீது எழுதிக் கொடுக்கும் பிடியுரிமை. இன்று மருந்து, வழக்குத் தீர்ந்ததும் நஷ்டஈட்டிலிருந்து பாமஸிக்குப் பணம்.

வலியோடு துடிப்பவருக்கு இது பெரிய ஆறுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் சகோதரிகளே, விலையைப் பாருங்கள். கைக்காசுக்கு விற்கும் விலையைவிட லீனில் எழுதும் விலை பல இடங்களில் அதிகம். 30,000 டொலர் கிடைத்ததென்று கொள்வோம். மூன்றிலொரு பங்கு சட்டத்தரணிக்குப் போவது அங்கே சாதாரணம், மீதி 20,000. வழக்குச் செலவு, ஆஸ்பத்திரிக் கடன், மருந்துக் கடன் எல்லாம் கழிந்த பிறகே அடிபட்டவரின் கைக்கு வரும். வழக்குத் தோற்றாலோ, பல ஒப்பந்தங்களின்படி கடன் நோயாளியின் தலையிலேதான். (விட்டுக்கொடுக்கும் பாமஸிகளும் உண்டு.)

உங்கள் உறவினர் யாரும் அங்கே இருந்தால், கையொப்பமிட முன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இதே மருந்து கைக்காசுக்கு என்ன விலை? தோற்றால் யார் கட்டுவது? பதிலை எழுத்தில் வாங்கட்டும். வழக்கு முடிந்த பின்னும் சட்டத்தரணி மூலம் பேசித் தொகையைக் குறைக்க இடமுண்டு.