பார்பரோவின் இடது பின்னங்குளம்பு: ஒரு வரவு செலவு

ஓடிய பந்தயம் 7, வென்றது 6. பரிசுப் பணம் 23,02,200 டாலர். 2006 மே 6 அன்று கென்டக்கி டெர்பியை ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது பார்பரோ என்கிற பந்தயக் குதிரை. வரவுப் பக்கம் அதோடு முடிந்தது.

மே 20, பால்டிமோரின் பிம்லிகோ மைதானம். ப்ரீக்னஸ் பந்தயம் தொடங்கிய சில நொடிகளிலேயே வலது பின்னங்கால் நொறுங்கியது. மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் அறுவை செய்தார். எலும்புச் சில்லு 20-க்கு மேல், முடுக்கிய திருகு 27, உலோகத் தகடு 1. பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

உடைந்த கால் மெல்லச் சேர்ந்தது. நவம்பரில் கட்டைக்கூடக் கழற்றினார்கள். கெட்டது உடையாத கால்.

கணக்கு எளிது. 500 கிலோ குதிரையின் பின்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து தாங்குவது சுமார் 40 சதவீதம், அதாவது 200 கிலோ. காலுக்கு 100. ஒரு கால் ஊன்ற மறுத்தால் மற்றதன் மேல் ஏறக்குறைய 200 கிலோவும் இறங்குகிறது, அதுவும் இரவும் பகலும். குளம்புச் சுவரின் உள்ளே 550 முதல் 600 மடிப்புகள்; ஒவ்வொன்றிலும் 150 முதல் 200 நுண்மடிப்புகள். ஒரு குளம்புக்குள் 80 ஆயிரத்துக்குக் குறையாது. எல்லாவற்றையும் விரித்தால் 0.8 சதுர மீட்டர், 90 சென்டிமீட்டர் சதுர மேசைப் பலகை அளவு. குளம்பெலும்பு தொங்குவது இந்தப் பிடிப்பில்தான். கால் தூக்கி வைக்கும்போதுதான் அங்கே ரத்தம் சரியாகப் போய்வரும். ஊன்றியே நின்றால் மடிப்புகள் பட்டினி கிடந்து பிடி விடும். லேமினைடிஸ் என்கிற குளம்பழற்சி அதுதான்.

பார்பரோவின் உடையாத காலுக்கும் அது வந்தது. ஜூலை 12-இல் இடது பின்னங்குளம்புச் சுவரில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். பணத்துக்குக் குறைவில்லை: பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த 5 லட்சம் டாலரில் தொடங்கிய பார்பரோ நிதி 12 லட்சத்தைத் தாண்டி, அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்தது. குளம்பு வளர்வதோ மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர். மேல்விளிம்பிலிருந்து தரை தொட 9 முதல் 12 மாதம் ஆகும், அதுவும் நலமான குளம்புக்கு. எத்தனை டாலர் கொட்டினாலும் இந்த வேகம் கூடாது.

2007 ஜனவரியில் இடது குளம்பில் மறுபடி சதை வெட்ட வேண்டிவந்தது. சுமை வலப்பக்கம் திரும்பியது, அங்கே சீழ். ஜனவரி 27 அன்று பாரத்தைக் குறைக்க வலது காலில் 2 எஃகுக் கம்பிகளைப் பொருத்தினார்கள். அடுத்து முன்னங்கால்கள் இரண்டிலும் குளம்பழற்சி. ஊன்ற நல்ல கால் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜனவரி 29 காலை, குளம்பை வெட்டிய 201-ஆம் நாள், உரிமையாளர்கள் ஜாக்சன் தம்பதியின் சம்மதத்தோடு மருந்து செலுத்தி அதன் வேதனையை முடித்தார்கள்.