கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில்

தாம்பரத்தில் ஏறி பீச் பக்கம் போனால் வருகிற முதல் ஸ்டேஷன் சானடோரியம். மெப்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இறங்குகிற இடம் என்றுதான் எனக்கும் ரொம்ப நாள் தெரியும். பெயர் வந்தது டாக்டர் சௌரி முத்து 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் சானடோரியத்தால். அவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒன்றை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். தாம்பரம் சானடோரியத்தை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை.

நெஞ்சு நோய் வார்டு எதற்குப் போனாலும் சில கட்டில்களுக்குக் கீழே தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்கும். நோயாளியின் விலாவிலிருந்து ஒரு டியூப் வந்து அதற்குள் இறங்கும். 'ஐ.சி.டி. போட்டிருக்கு' என்பார்கள். என் மாமாவுக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியபோது (வேறொரு மருத்துவமனையில்) இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது யாரோ பாட்டிலைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைத்துவிட்டார்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். ஒரு நர்ஸ் ஓடிவந்து கீழே இறக்கினார். ஏன் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே உள்ள இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. அங்கே சும்மா ஒரு ஓட்டை போட்டால், மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே பாய்ந்து நுரையீரல் சுருங்கிவிடும். வெளியே மட்டும் போகவேண்டும், உள்ளே வரக்கூடாது. எங்கள் பாஷையில் ஒரு டையோடு. ஜெர்மனியில் பூலாவ் என்ற மருத்துவர் 1870-களில் பயன்படுத்திய வழி எளிமையானது: டியூபின் நுனியைத் தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் முக்கி வைப்பது. உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். திரும்ப வர முடியாது.

ஆனால் இழுக்கிற மூச்சு காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சாதா? உறிஞ்சும். டியூபில் நீர் மட்டம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். அது நெஞ்சு வரை வராமல் தடுப்பது உயரம் மட்டும்தான். பாட்டில் ஒரு மீட்டர் கீழே இருந்தால் அந்த இழுப்புக்கு அவ்வளவு தூரம் ஏற்றப் பலம் கிடையாது. ஆக, தண்ணீர் ஒரு வால்வு, கட்டிலின் உயரம் இன்னொரு வால்வு. பாட்டிலை வயிற்றில் வைத்தால் இரண்டாவது வால்வைக் கழற்றினதாக அர்த்தம். வடிந்த சீழ் வந்த வழியே திரும்பும். கூட இருக்கிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. (மூத்திரப் பையையும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடச் சொல்வது கிட்டத்தட்ட இதே காரணத்துக்குத்தான்.)

பாட்டில் மூடியில் இன்னொரு குட்டைக் குழாய் திறந்தே இருக்கும். 'தூசி போகுமே' என்று பஞ்சு வைத்து அடைக்கத் தோன்றும். அடைக்கக்கூடாது, காற்று வெளியேறுகிற வழி அது. குமிழி வந்துகொண்டிருக்கும்போது டியூபை க்ளாம்ப் போட்டு மூடுவது அதைவிட ஆபத்து. நுரையீரலில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளேயே சேர்ந்து இதயத்தையே நெருக்கும். பாட்டில் உடைந்தாலோ இணைப்பு கழன்றாலோ டியூப் நுனியைச் சுத்தமான தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

நீர் மட்டம் ஏறி இறங்குவது நின்றால் இரண்டு அர்த்தம் உண்டு: நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது, அல்லது டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது. எது என்று எக்ஸ்ரேதான் சொல்லும். முதலில் பார்க்க வேண்டியது, ஆள் டியூப் மேலேயே படுத்திருக்கிறாரா என்று. மாமா இரண்டு தடவை அப்படித்தான் படுத்திருந்தார்.

அவருக்குப் போட்டது 28 சைஸ். அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர், அதாவது ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல், சுண்டுவிரல் கனம். நடமாடச் சொன்னதும் பாட்டிலை ஒரு கட்டைப்பையில் வைத்து, முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டு வராண்டாவில் நடந்தார். எதிரே இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி பையோடு வந்தார்கள். 'என்னப்பா, மார்க்கெட்டா?' என்றார் மாமா.