எட்டுப் போடும்போது பைக் ஏன் ஆடுகிறது?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில், குண்டசாலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் திகன. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் டவுனில் பஸ்ஸும் லொறியும் த்ரீவீலும் இடைவெளியில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் ஒருவர் மோட்டார் சைக்கிளை ஆள் நடக்கும் வேகத்தில் நகர்த்துவார். ஒரு தடவைகூடக் காலைத் தரையில் ஊன்ற மாட்டார். பிள்ளைகளே, அப்படி ஒருவரைக் கண்டால் நன்றாகக் கவனியுங்கள். பெரிய வீதியில் சர்ரென்று பறந்து போகிறவரைவிட இவர் செய்வதுதான் கஷ்டமான வேலை. எவ்வளவு கஷ்டம் என்பதை இன்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

லைசன் எடுக்கப் போன அண்ணா, அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள். எழுத்துப் பரீட்சை முடிந்து ட்ரையலுக்குப் போனால், பைக்காரர் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கால் ஊன்றாமல், ஓரத்தைத் தாண்டாமல், 8 என்ற இலக்கத்தின் வடிவில் சுற்றி வர வேண்டும். தமிழ்நாட்டிலும் இதே எட்டுத்தான். அங்கே "எட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டாலே லைசன் கதை என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். ஜப்பானில் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். 15 மீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு மேடைமேல் பைக்கை ஓட்ட வேண்டும். வேகமாகக் கடந்தால் புள்ளி குறையும். நடுத்தர பைக்குக்கு 7 செக்கனாவது, பெரிய பைக்குக்கு 10 செக்கனாவது எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்கிவிட்டால் பெயில். 15 மீற்றரை 10 செக்கனில் கடப்பதென்றால் மணிக்கு 5.4 கிலோமீற்றர். சற்று விறுவிறுப்பாக நடப்பவரின் வேகம் அது.

திகனப் பக்கம் ஒரு மைதானத்தில், எல் போர்ட் கட்டிய பைக்கில் ஓர் அக்கா பழகிக்கொண்டிருந்தார். நாலு போத்தலை நட்டு வைத்து அதைச் சுற்றி எட்டு. பழக்குகிறவர் ஓரத்தில் நின்றார்.

"நானா, மெதுவாப் போனா ஆடுது. கொஞ்சம் கூட்டினா வெளியே போயிருது. என்ன செய்ய?"

"தங்கச்சி, கிளச்ச முழுசாப் புடிக்காதீங்க, பாதியில வச்சிக்கிட்டு ஓடுங்க. பின் பிரேக்ல கால லேசா வைங்க. கீழ பாக்காம, அடுத்து எங்க திரும்பணுமோ அங்க பாருங்க."

அந்த நானா சொன்ன மூன்று விஷயத்துக்குள்ளும் நல்ல பௌதிகவியல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அக்காவின் கேள்விக்குப் பதில் வேண்டும். மெதுவாகப் போனால் ஏன் ஆட வேண்டும்?

வீட்டிலிருக்கும் தும்புத்தடியை எடுத்து, தும்புப் பக்கம் மேலே இருக்குமாறு உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். தடி வலப்பக்கம் சாய்ந்தால் கை தானாக வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். சாய்கிற பக்கத்துக்கு அடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தடி நிமிர்ந்துவிடுகிறது. பைக்கில் ஓடுகிறவரும் இதைத்தான் செய்கிறார். உள்ளங்கைக்குப் பதில் அவருக்கு இரண்டு சக்கரம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கை எந்தப் பக்கமும் சட்டென்று நகரும். சக்கரம் பக்கவாட்டில் நகராது, பார்த்திருக்கும் திசையில் உருண்டுதான் போகும். வலப்பக்கம் சாய்ந்த பைக்கின் அடியில் சக்கரத்தைக் கொண்டுவர வேண்டுமானால், ஹேண்டிலை வலப்பக்கம் திருப்ப வேண்டும், அந்தத் திசையில் உருளவும் வேண்டும். உருளுவதற்கு வேகம் வேண்டும். வேகம் குறையக் குறைய, சக்கரம் அடிக்கு வந்து சேரப் பிந்திப்போகிறது.

இனிக் கணக்கு. பைக் 2 பாகை சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1.25 மீற்றர். சாய்வு மேலும் கூடாமல் தடுக்க ஹேண்டிலை எவ்வளவு திருப்ப வேண்டும்? மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் ஒரு பாகைகூடத் தேவையில்லை. 10 கிலோமீற்றரில் ஏறத்தாழ 3 பாகை. 5 கிலோமீற்றரில் 12 பாகைக்கு மேல். 3 கிலோமீற்றரில் 30 பாகையையும் தாண்டிவிடும். வேகம் பாதியானதும் திருப்ப வேண்டியது இரண்டு மடங்காகாமல் ஏறத்தாழ நாலு மடங்காகிறது, பார்த்தீர்களா? இந்தக் கணக்கில் வேகம் வர்க்கமாக வருவதுதான் காரணம். வகுப்பில் வர்க்கம் படிக்கும்போது இது எதற்கு என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

அக்காவின் பைக் ஏன் ஆடியது என்று இப்போது தெரிகிறது. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் அப்படியும் இப்படியும் பெரிதாக அசையத்தான் வேண்டும். பழகாதவர்கள் அந்த அசைவைக் கண்டு பயந்து கையை இறுக்கிக்கொள்கிறார்கள். இறுக்கினால் ஹேண்டில் திரும்பாது, சக்கரம் அடிக்கு வராது, பைக் சரிந்துவிடும். மெதுவாகப் போகையில் தோளையும் முழங்கையையும் தளர்த்தி வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன? எட்டின் ஒரு வளையத்தின் ஆரை 4 மீற்றர் என்போம். அதை மணிக்கு 5 கிலோமீற்றரில் சுற்றினால் பைக் 3 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்தால் போதும். 10 கிலோமீற்றரில் 11 பாகை. அதே வளையத்தை 20 கிலோமீற்றரில் சுற்றப் போனால் 38 பாகை சாய வேண்டும். பந்தயக்காரர்கள் சாய்வார்கள். எல் போர்ட் கட்டியவர் சாயத் துணிய மாட்டார். துணியாதவரின் பைக் அகலமாகச் சுற்றி ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். ஆகவே எட்டுக்குள் மிக மெதுவாகவும் போக முடியாது, வேகமாகவும் போக முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய இடம் இருக்கிறது. பரீட்சையே அதைக் கண்டுபிடிப்பதுதான்.

வெறும் வட்டம் போடச் சொல்லாமல் ஏன் எட்டு? இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர் என்றே நினைக்கிறேன். அதே 4 மீற்றர் ஆரையுள்ள ஒரு வட்டத்தில் ஹேண்டிலை ஏறத்தாழ 17 பாகை திருப்பி, ஒரே சாய்வில் வைத்துக்கொண்டு சுற்றிவிடலாம். எட்டில் அது நடக்காது. இரண்டு வளையமும் சந்திக்கும் நடு இடத்தில், இடப்பக்கம் சாய்ந்திருந்த பைக் நிமிர்ந்து வலப்பக்கம் சாய வேண்டும். இடப்பக்கம் 17 பாகை திரும்பியிருந்த ஹேண்டில் வலப்பக்கம் 17 பாகைக்கு வர வேண்டும். பழகுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அந்த நடுவில்தான். அங்கே பயந்து வேகத்தைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசம். 3 கிலோமீற்றருக்கு இறங்கிவிட்டால், வளையத்துக்காகத் திருப்பியது, சாய்வைச் சரிசெய்யத் திருப்ப வேண்டியது இரண்டும் சேர்ந்து 40 பாகையைத் தாண்டிவிடுகின்றன. பல பைக்குகளில் ஹேண்டில் கிட்டத்தட்ட அந்த அளவோடு முட்டி நின்றுவிடும். அதற்குமேல் திருப்ப இடமில்லை. கால் தரைக்குப் போகும்.

இனி நானா சொன்ன கிளச். பைக்கின் கிளச் பெட்டிக்குள் வட்டத் தட்டுகள் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒரு தட்டு எஞ்சினோடு சேர்ந்தது, அடுத்தது கியரோடு சேர்ந்தது. ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். இடக்கை லீவரை முழுதாகப் பிடித்தால் அழுத்தம் போய்விடும். எஞ்சின் தன் பாட்டில் சுற்றும், சக்கரத்துக்கு ஒன்றும் வராது. முழுதாக விட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். பாதியில் வைத்தால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விசையைக் கடத்தும். பெரும்பாலான பைக்குகளில் இந்தத் தட்டுகள் எண்ணெயில் நனைந்திருப்பதால், வழுக்கும்போது வரும் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது.

அந்த வழுக்கல் எதற்கு? நம் ஊரில் ஓடும் சின்ன பைக்குகளில் ஒரே ஒரு சிலிண்டர்தான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு நடக்கும். அக்சிலேட்டரைத் தொடாமல் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 12 உதை. ஒவ்வொரு உதையும் நேராகச் சக்கரத்துக்குப் போனால் பைக் திக்கித் திக்கி ஓடும். வழுக்கும் தட்டுகள் அந்த உதைகளை நடுவில் வாங்கி மிருதுவாக்கி அனுப்புகின்றன. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அக்சிலேட்டரைத் திருக வேண்டியதில்லை, இடக்கை விரல்கள் ஒரு நூலளவு அசைந்தால் போதும். பின் பிரேக்கில் லேசாகக் காலை வைப்பதும் இதற்குத்தான். எஞ்சின் சிறிதாக முன்னே இழுக்க, பிரேக் சிறிதாகப் பின்னே பிடிக்க, வேகம் தாவாமல் நிற்கும். வர்க்கக் கணக்கை மறக்கவில்லையே? ஒரு கிலோமீற்றர் குறைந்தாலும் ஹேண்டில் கணக்கு எகிறிவிடும் இடத்தில், சீரான வேகத்தின் மதிப்பு பெரிது. பயத்தில் கிளச்சை முழுதாகப் பிடிப்பவருக்கு வேகம் ஒரேயடியாக இறங்கிவிடும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை அழுத்துபவருக்கும் அப்படித்தான். பைக் உட்பக்கமாகச் சட்டென்று விழுந்துவிடும். கிளச் லீவர் இல்லாத ஸ்கூட்டரில் பின் பிரேக்கையும் அக்சிலேட்டரையும் வைத்தே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கண் விஷயம் வேறு மாதிரி. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசைவதற்கு ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவாவது போய்விடும். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தலைப் பார்த்துக்கொண்டு போனால், திருப்ப வேண்டும் என்று தெரியும்போது போத்தலைத் தாண்டியிருப்பீர்கள். அதோடு, நாம் சாய்கிறோமா நிமிர்ந்திருக்கிறோமா என்று சொல்லும் உறுப்பு காதுக்குள் இருக்கிறது. திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை சட்டென்று திரும்புவதை நன்றாகப் பிடித்துவிடும், மிக மெதுவான சாய்வை அவ்வளவாகப் பிடிக்காது. அந்தக் குறையைக் கண் நிரப்புகிறது. தூரத்தில் ஒரு லைட் தூணோ கட்டடத்தின் சுவரோ பார்வையில் இருந்தால், எது நேர், எது சாய்வு என்பதை மூளை அதை வைத்து அளந்துகொள்ளும். குனிந்து மண்ணையே பார்ப்பவருக்கு அந்த அளவுகோல் கிடையாது.

இந்த இடத்தில் சிலர் கை உயர்த்துவீர்கள். "சக்கரம் பம்பரம் மாதிரிச் சுற்றுவதால்தானே சைக்கிள் விழாமல் நிற்கிறது?" நல்ல கேள்வி. நெடுங்காலமாகப் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு சைக்கிளின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி, அதை எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டார். ஒன்றின் சுழற்சியை மற்றது அழித்துவிடும். அப்படியும் அந்த சைக்கிளில் அவரால் விழாமல் ஓட முடிந்தது. 1970இல் பிசிக்ஸ் டுடே இதழில் அதை எழுதினார். கையை விட்டுவிட்டு ஓடுவதற்கு அந்தச் சுழற்சி உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் ஹேண்டிலைப் பிடித்து ஓடும்போது அவரைக் காப்பாற்றுவது ஹேண்டிலைத் திருப்புவதுதான். நடை வேகத்தில் சக்கரம் சுழல்வதே மெதுவாக என்பதால், அந்த உதவியும் மிகச் சிறிது.

லைசன் எடுக்கும் வயது வரும்வரை நீங்கள் பைக்கைத் தொட வேண்டாம். சைக்கிள் இருந்தாலே இதையெல்லாம் பார்க்கலாம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளில் மெதுவாக சைக்கிள் ஓடும் போட்டி வைப்பார்களே, கடைசியாக வருபவருக்குப் பரிசு கொடுக்கும் அந்தப் போட்டி, அது நான் மேலே சொன்ன கணக்கின் நேரடிப் பரீட்சைதான். அடுத்த முறை பார்க்கும்போது ஜெயிக்கிறவரின் முன்சக்கரத்தை மட்டும் பாருங்கள். அது ஓயாமல் இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். விழுகிறவரின் சக்கரம் விழுவதற்குச் சற்று முன் எவ்வளவு தூரம் திரும்பியிருந்தது என்பதையும் பாருங்கள்.

வாகனம் வராத ஒரு சீமெந்துத் தரையில், வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, தலைக்கவசம் போட்டுக்கொண்டு நீங்களே செய்யலாம். சைக்கிளின் இரண்டு டயரையும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். நேராக, ஓரளவு வேகமாக ஒரு தடவை ஓடுங்கள். மறுபடி நனைத்து, முடிந்த அளவு மெதுவாக ஓடுங்கள். வேகமாகப் போன தடத்தில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மெதுவாகப் போன தடத்தில் முன்சக்கரத்தின் கோடு பின்சக்கரத்தின் கோட்டை வெட்டி வெட்டி, அலை அலையாகப் போயிருக்கும். எந்தக் கோடு எந்தச் சக்கரம் போட்டது என்று தடத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கப் பாருங்கள். பிறகு சோக்கட்டியால் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு, 15 மீற்றர் நீளத்துக்குக் கீறுங்கள். அதற்குள் ஓடும்போது ஒருவர் செக்கனை எண்ணட்டும். 7 வந்தால் ஜப்பானில் நடுத்தர பைக்குக்குக் கேட்கும் நேரம். 10 வந்தால் பெரிய பைக்குக்குக் கேட்பது.