சூரியன் கடலிலிருந்து எழும் ஊர்: ஒரு நிலக்காட்சி ஓவியர் எப்படி உருவாகிறார்?

இலங்கையில் எந்தப் பாடசாலைப் பிள்ளையின் சித்திரக் கொப்பியைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான் இருக்கும். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஓர் ஓலைக் குடிசை, ஒரு தென்னை. மலையகத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியில், வாகரையையும் தாண்டி இருக்கும் கதிரவெளியின் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது.

கதிரவெளியில் சூரியன் மலைகளுக்கு நடுவே உதிப்பதில்லை. கடலிலிருந்து எழுந்து, வயலுக்கும் காட்டுக்கும் பின்னால் இறங்குகிறது. இதை அங்குள்ள பிள்ளை தினமும் பார்க்கிறது. ஆனாலும் தாளில் வருவது யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த காட்சி. நிலக்காட்சி ஓவியத்தின் முதல் சிக்கல் இதுதான். கண் பார்ப்பதைக் கை வரைவதில்லை; மனதில் ஏற்கெனவே பதிந்திருக்கும் ஒரு மாதிரியையே வரைகிறது.

மட்டக்களப்பில் ஓவியம் வரையும் நண்பர்களோடு வெளியிடங்களில் அமர்ந்து வரையும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. ஓவியர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அல்ல. ஆனால் ஒருவர் எப்படி வளர்கிறார், எங்கே நின்றுவிடுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து கவனிக்க அது போதுமாக இருந்தது.

கண் பழகும் விதம்

திறமை பிறவியில் வருவது என்று நம்புகிறவர்கள் அதிகம். நிலக்காட்சியைப் பொறுத்தவரை அதில் பாதிக்கு மேல் பழக்கம். ஓவியர்கள் செய்யும் பயிற்சிகள் மிகச் சாதாரணமானவை. உள்ளங்கை அளவுக் கட்டம் ஒன்றைப் போட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, காட்சியை வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று நிறத்திண்மைகளாக மட்டும் பென்சிலில் பிரிப்பது அவற்றில் ஒன்று. மரம், தோணி, வீடு என்று பெயர் சொல்லி வரையும் பழக்கத்தை அது உடைக்கிறது. கண்ணைச் சுருக்கும்போது தோணி மறைந்து, நீரில் கிடக்கும் ஒரு கறுப்புக் கீற்றாகிறது. அந்தக் கீற்றைச் சரியான இடத்தில் வைத்தால், தாளில் அது மறுபடி தோணியாகிவிடும்.

அடுத்தது தூரம். தொலைவில் உள்ளவை வெளிறியும் நீலமேறியும் தெரிவதற்குக் காரணம், நமக்கும் அவற்றுக்கும் இடையில் இருக்கும் காற்று. கடலோர ஊர்களில் ஈரப்பதன் அதிகம் என்பதால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். களப்பின் அக்கரைக் கண்டல் மரங்களைக் கிட்ட நிற்கும் மரங்களின் அதே பச்சையில் தீட்டினால், நீர்ப்பரப்பே இல்லாமல் போய்விடும்.

ஒளியும் ஒரு கணக்கு. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை அளவில் இருக்கிறோம். நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் வந்து நிழல்களைத் தின்றுவிடும். நிழல் இல்லையேல் உருவம் இல்லை. அதனால்தான் வெளியில் வரைகிறவர்கள் காலை எட்டு, எட்டரைக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் வேலை செய்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நீர்வர்ணம் தூரிகை நகர்வதற்கு முன்பே காய்ந்துவிடும். மாரியில் கடதாசி மணிக்கணக்கில் காயாது. இங்கிலாந்தின் மிதமான காலநிலையை மனதில் வைத்து எழுதப்பட்ட நீர்வர்ணக் கையேடுகள் சொல்லும் நேரக்கணக்கு இங்கே பொருந்தாது. இந்த ஊரின் கணக்கை இந்த ஊரில் வரைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைவதும் முக்கியம். பத்து இடங்களை ஒவ்வொரு முறை வரைபவருக்குப் பத்துப் படங்கள் கிடைக்கும். ஓர் இடத்தைப் பத்து முறை வரைபவருக்கு அந்த இடம் கிடைக்கும்.

தனியாக வளர முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் தன் கண்ணின் பழக்கத்தை ஒருவர் தானே காண்பது கடினம். பக்கத்தில் இன்னொருவர் அதே காட்சியை வரைந்துகொண்டிருந்தால், அவர் விட்டதையும் எடுத்ததையும் பார்த்த கணத்தில் தன் பழக்கம் தெரிந்துவிடும். 1869 கோடையில் பாரிஸுக்கு அருகே லா க்ரெநூயேர் என்ற குளிப்பிடத்தில் மொனேவும் ரெனுவாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நீரை வரைந்தார்கள். பின்னால் உணர்வுப்பதிவுவாதம் என்று பெயர் பெற்ற பாணியின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தப் படங்களைச் சொல்வார்கள். செசான், தன்னைவிட மூத்தவரான பிஸாரோவின் நிலக்காட்சி ஒன்றைக் கடன் வாங்கி வந்து அப்படியே பிரதி செய்து கற்றார்.

தமிழ்ச் சூழலிலும் இதற்கு வரலாறு உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த கலைஞர்களும் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் கலைக்கிராமத்தைத் தொடங்கினார்கள். பத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்று அந்த வருமானத்தில் ஓவியர்களாகவும் சிற்பிகளாகவும் வாழ்ந்தார்கள். நட்பு அங்கே ரசனையோடு நிற்கவில்லை, வயிற்றுப்பாட்டையும் பகிர்ந்துகொண்டது.

கொழும்பில் 1943இல் உருவான ‘43 குழுவும் நண்பர்களின் கூட்டம்தான். அதில் ஒருவரான ஐவன் பீரிஸ், திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சகோதரர். 1950களில் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே வாழ்ந்து 1988இல் இறந்தவர். சவுத்எண்ட் என்ற ஆங்கிலேயக் கடலோர நகரில் இருந்தபடி, தான் சிறுவயதில் கண்ட இலங்கைக் கரையைத்தான் பல ஆண்டுகளாக வரைந்தார். இளமையில் ஊன்றிப் பார்த்த ஒரு கரை, வாழ்நாள் முழுவதும் வரையப் போதுமானதாக இருந்தது.

மாற்குவிலிருந்து மட்டக்களப்புக்கு

வடக்கில் ஓவியர் எஸ்.ஆர். கனகசபை 1930களின் இறுதியில் வின்சர் சித்திரக் கழகத்தை உருவாக்கினார். 1920களில் இலங்கையின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த சி.எஃப். வின்சரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தது ஓவியர் அ. மாற்குவின் விடுமுறைக்கால ஓவியர் கழகம். கலைக்கல்லூரி எதுவும் இல்லாத யாழ்ப்பாணத்தில், விடுமுறை நாட்களில் ஒன்றுகூடி வரைவதுதான் கலைக்கல்லூரியாக இருந்தது.

1933இல் பிறந்த மாற்கு, தன் சொந்தப் புகழைவிட மாணவர்களை வளர்ப்பதில் அதிக நேரம் செலவிட்டவர். 1995 இடப்பெயர்வில் அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. 2000இல் அவர் காலமானார். படங்கள் போயின; ஆனால் பழக்கிய கண்கள் மிஞ்சின. அவரிடம் கற்றவர்களில் ஒருவரான கமலா வாசுகி மட்டக்களப்பில் வாழ்ந்து, ஓவியத்தையும் பெண்நிலைவாதச் செயற்பாட்டையும் சேர்த்துக் கொண்டு செல்கிறார். இன்று கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கட்புலக் கலை கற்க இந்தப் பகுதிப் பிள்ளைகள் கொழும்புக்குப் போகவேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது.

ஆனால் கல்லடியிலிருந்து கதிரவெளி 60 கிலோமீற்றருக்கும் அப்பால். நல்ல நீர்வர்ணக் கடதாசி வாங்கவே பட்டினத்துக்கு வரவேண்டும். பட்டம் முடித்து ஊர் திரும்பும் இளம் ஓவியருக்குத் தூரிகை கிடைக்காததைவிடப் பெரிய இழப்பு, “இந்த வானம் பாரமாக இருக்கிறது” என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாதது. பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அழகாக மட்டும் வரைய முடியாத நிலம்

கதிரவெளியை வரைய உட்காருபவர் எதை வரைவது? 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையைச் சுனாமி அடித்தது. 2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். போர்க்காலத்தில் ஒரு வெளியில் அமர்ந்து பாலத்தையோ வீதியையோ தாளில் குறித்துக்கொள்வது சந்தேகத்துக்கு உரிய செயல். ஒரு தலைமுறை ஓவியர்கள் அறைக்குள்ளேயே வரைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே இங்கே நிலக்காட்சி என்பது சுற்றுலா அட்டையாக இருக்க முடியாது. மட்டக்களப்பைச் சேர்ந்த பாக்கியராஜா புஷ்பகாந்தனின் நுண்ணிய மைக்கோட்டு ஓவியங்களில் நிலமும் செடியும் வேரும் காயம்பட்ட உடல்போலத் தோன்றும். காணாமல் ஆக்கப்பட்டோரின் நினைவு அவற்றுக்குள் கிடக்கிறது. எல்லோரும் அப்படி வரைய வேண்டியதில்லை. நாற்சார் வீட்டின் நிழலையோ கரைவலை இழுக்கும் காலையையோ வரையலாம். நிலத்துக்கு நினைவு உண்டு என்று தெரிந்துகொண்டு வரைவதே வேறு மாதிரி இருக்கும்.

கறுப்பு மணலும் வெள்ளை வர்ணமும்

இந்தக் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் கறுப்புக் கீற்றுகள் தெரியும். அது இல்மனைட், இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனிமம். அண்மைய ஆண்டுகளில் வாகரை, கதிரவெளிப் பகுதிகளில் இல்மனைட் அகழ்வுக்கும் இறால் பண்ணைத் திட்டத்துக்கும் எதிராக மக்கள் வீதிக்கு வந்திருக்கிறார்கள். நன்னீர் கெடும், கரை அரிக்கும், மீன்பிடி போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம்.

இல்மனைட்டிலிருந்து பிரித்தெடுக்கப்படும் தைத்தேனியம் டையொக்சைட்தான் சுவர்ப் பூச்சுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருகிறது. ஓவியரின் பெட்டியில் இருக்கும் ‘டைட்டேனியம் வைற்’ குழாயும் அதுதான். கதிரவெளிக் கரையின் நுரையைத் தீட்டும் வெள்ளை, அதுபோன்ற ஒரு கரையைத் தோண்டி எடுத்த கறுப்பு மணலிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

நீர்வர்ண ஓவியர்களில் பலர் வெள்ளையைப் பூசுவதில்லை. வெளிச்சம் வரவேண்டிய இடத்தைத் தொடாமல், கடதாசியை அப்படியே விட்டுவிடுவார்கள். எதைத் தொடாமல் விடுவது என்று முதலிலேயே தீர்மானிப்பதுதான் அந்தக் கலையின் கடினமான பாடம். ஒரு கரையைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும் அந்தப் பாடம் உதவும்.

ஓவியம் ஒரு அகழ்வைத் தடுத்துவிடாது. ஆனால் ஓர் ஊரை நூறு முறை ஊன்றிப் பார்த்தவர்கள் அங்கே பத்துப் பேர் இருந்தால், அந்த ஊரில் என்ன மாறுகிறது என்பது அவர்களுக்கு முதலில் தெரியும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலைச் சித்திர ஆசிரியர் ஒருவர், நாலைந்து பிள்ளைகள், முடிந்தால் கல்லடியிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் ஓவியர். முதல் பயிற்சியாக ஒன்றே ஒன்று: மலை வரையாமல், நாளைக் காலை சூரியன் எங்கிருந்து எழுகிறது என்று பார்த்து வரைவது.