குழாயில் வந்த நஞ்சு!

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்று ஒரு நகரம். 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக அங்கே ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். அது குழாயை அரிக்கும் தண்ணீர். அரிப்பைத் தடுக்கும் மருந்தை யாரும் சேர்க்கவில்லை!

வினை வந்தது

தெருக் குழாயில் இருந்து வீட்டுக்குப் போகும் பழைய குழாய்கள் பல காரீயத்தால் ஆனவை. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயம் அல்ல, இது நஞ்சு. தண்ணீரில் கலந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. மூளையைக் கெடுக்கும். தண்ணீரைக் காய்ச்சினாலும் போகாது!

தெருத் தெருவாக...

2015 அக்டோபரில் பழையபடி நல்ல தண்ணீர் வந்தது. ஆனால் குழாய்?

எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று சரியான கணக்கு இல்லை. தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். 2016-ல் தொடங்கிய வேலை 2025-ல்தான் முடிந்தது. ஏறக்குறைய 11 ஆயிரம் காரீயக் குழாய்களுக்குப் பதில் செப்புக் குழாய்கள் வந்தன.

மிச்சம் பிடிக்கப் போய், வேலை 9 ஆண்டு நீண்டது!