ஆயில் என்ஜினையும் மோட்டார் என்ஜினையும் சிறு லாரியில் அபாயமின்றி ஏற்றிச் செல்லும் முறை

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், சுரண்டை, ஆலங்குளம் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டக்கால்களில் கிணற்றுப் பாசனமே பிரதானமாக இருந்து வருகிறது. பாவூர்சத்திரம் தினசரிச் சந்தைக்கு வந்து சேரும் காய்கறிகளில் பெரும்பகுதி இவ்விதத் தோட்டங்களில் விளைந்தவையே. 1944-ஆம் வருஷத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கிய பின்னர் மின்சாரம் சிறிது சிறிதாக நமது கிராமங்களை எட்டியது. ஆயினும் மின்இணைப்புக்குக் காத்திருப்போரும், கால்வாயிலிருந்து நீர் இறைப்போரும், மின்சாரம் நின்ற வேளைக்கு உதவியாக ஒரு இயந்திரம் வைத்திருப்போரும் இன்றும் ஆயில் என்ஜினை நம்பியே இருக்கின்றனர். டிராக்டர், கார், சரக்கு வண்டி ஆகியவற்றின் என்ஜின்களும் பழுது பார்ப்பதற்காகக் கழற்றி எடுத்துச் செல்லப்படுகின்றன.

பயிர் வாடும் சமயத்தில் என்ஜின் நின்றுவிட்டால் எவருக்கும் அவசரம் உண்டாவது இயல்பே. அந்த அவசரத்தில், கிடைத்த வண்டியில், கிடைத்த கயிற்றால் கட்டி அனுப்பும்போதுதான் விபத்துகள் நேரிடுகின்றன. விரல் நசுங்குதல், கால் முறிதல், வண்டி கவிழ்தல், எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்ச்சேதம் ஆகியவை இதனால் விளையக்கூடும். சற்று முன்யோசனையோடு நடந்துகொண்டால் இவை யாவற்றையும் தவிர்க்கலாம்.

பாரத்தின் அளவு

முதலாவதாக, ஏற்றப்போகும் சாமானின் எடையை அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1929-இல் வெளிவந்த லிஸ்டர் என்ஜினின் மாதிரியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட, இரண்டு பெரிய ஃப்ளைவீல்களையுடைய மெதுவேக என்ஜின் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. சிறு கார் ஒன்றின் என்ஜின் ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். பெரிய காரின் என்ஜின் கியர்பெட்டியுடன் சேர்ந்தால் 200 கிலோவையும் எட்டும். 2005-இல் வெளிவந்து, நம்மவர்களால் 'குட்டி யானை' என்று அழைக்கப்படும் வகை வண்டி சுமார் 750 கிலோ பாரத்துக்கென்று செய்யப்பட்டது. ஆகவே ஒரு என்ஜினை மட்டும் ஏற்றுவதில் வண்டிக்குக் கஷ்டம் இல்லை. என்ஜினோடு பம்பு, குழாய்கள், உர மூட்டைகள் ஆகியவற்றையும் சேர்த்து அடுக்குவதே தவறு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அளவுக்கு மிஞ்சிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு என்பதை நினைவில் வைப்பது நலம்.

"இவ்வளவு கனமான சாமான் எங்கே நகரப் போகிறது?" என்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. வண்டி ஓடும்போது என்ஜினும் அதே வேகத்தில் செல்கிறது. வண்டி திடீரென்று நின்றால் என்ஜின் நிற்க விரும்புவதில்லை. அது முன்நோக்கிப் பாய்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சாமான் தடையில் மோதுவது, அதே சாமான் 20 அடி ஆழமுள்ள கிணற்றுக்குள் விழுவதற்குச் சமம். வேகம் 60 கிலோமீட்டரானால் அந்த ஆழம் 45 அடிக்கு மேலாகிறது. 300 கிலோ இரும்பு அவ்வளவு உயரத்திலிருந்து டிரைவரின் முதுகுப்புறத்தை நோக்கி வருவதாக எண்ணிப் பார்த்தால், கட்டும் வேலையின் முக்கியத்துவம் விளங்கும்.

ஏற்றுவதற்கு முன்

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். டீசல், ஆயில், தண்ணீர் ஆகிய மூன்றையும் வடித்து, வாய்களைத் துணியாலோ மரத் தக்கையாலோ அடைத்துவிடுக. வடித்த ஆயிலை மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைக்க வேண்டும். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றலாகாது. மோட்டார் என்ஜினாயின் பேட்டரித் தொடர்பை முன்னதாகவே துண்டித்து, ரேடியேட்டரையும் எளிதில் உடையும் பாகங்களையும் கழற்றித் தனியே வைக்க வேண்டும். ஆயில் என்ஜினின் ஃப்ளைவீலைக் கழற்ற முடிந்தால் கழற்றுவது உத்தமம். முடியாவிடில் அது சுழலாதபடி ஆப்பு வைத்துக் கட்டுக.

மோட்டார் என்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்ப் மெல்லிய தகட்டாலோ அலுமினியத்தாலோ ஆனது. என்ஜினின் பாரத்தைத் தாங்கும் பொருட்டுச் செய்யப்பட்டதன்று. ஆகையால் கனத்த மரச்சட்டங்களால் ஒரு தொட்டில் செய்து, என்ஜினை வண்டியில் பொருத்தும் மவுண்டிங்குகளின்மேல் பாரம் விழும்படி உட்கார வைக்க வேண்டும். பழைய லாரி டயருக்குள் வைத்து எடுத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. சம்ப் தரையில் படாதிருந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் டயர் ஒரு மெத்தையே தவிர, கட்டுக்குப் பதிலாகாது. என்ஜினைப் பக்கவாட்டில் படுக்க வைப்பது எவ்வகையிலும் கூடாது.

ஏற்றும் விதம்

செயின் பிளாக்கும், மூன்று உறுதியான கால்களையுடைய முக்காலியும் கிடைத்தால் வேலை எளிது. கால்கள் விரிந்து சரியாதபடி அவற்றின் அடியை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைக்க வேண்டும். மரக்கிளையையும் மாட்டுக்கொட்டகையின் உத்திரத்தையும் நம்பித் தூக்குவது ஆபத்து. என்ஜினை வேண்டிய உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, பின்னர் வண்டியை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி அதன் கீழே கொண்டுவருக. தொங்கும் என்ஜினை வண்டியை நோக்கித் தள்ளி ஆட்டலாகாது. அதன் கீழே கையையோ காலையோ நீட்டுவதும் கூடாது.

தூக்கும் சங்கிலி இரு கிளையாகப் பிரியுமிடத்தில் ஒரு நுட்பம் உண்டு. இரு கிளைகளுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகையாயின், 300 கிலோ என்ஜினுக்கு ஒவ்வொரு கிளையும் சுமார் 173 கிலோ இழுப்பைத் தாங்குகிறது. கோணம் 120 பாகையாக விரிந்துவிட்டால் ஒவ்வொரு கிளையும் முழு 300 கிலோவைத் தாங்க நேரிடும். ஆகவே சங்கிலி குட்டையாக இருந்தால் அதனை விரித்து மாட்டாமல், நீளமான வேறொன்றைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

செயின் பிளாக் இல்லாவிடில் சாய்பலகை வழியே ஏற்றலாம். வண்டியின் தளம் இரண்டரை அடி உயரமானால் பலகை 10 அடிக்குக் குறையாதிருக்க வேண்டும். அப்பொழுது, உராய்வு நீங்கலாக, 300 கிலோ என்ஜினுக்கு 75 கிலோ இழுப்பு போதும். 6 அடிப் பலகையானால் 125 கிலோ வேண்டும். கீழே சிறு இரும்புக் குழாய்களை உருளைகளாக வைத்து இழுக்கலாம். என்ஜின் பின்வாங்காதபடி மற்றொரு கயிற்றை உறுதியான மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பது அவசியம். பலகையின் கீழ்ப்புறத்தில் ஒருவரும் நிற்கலாகாது. வண்டியின் கைபிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்க மறவாதீர்கள்.

வைக்கும் இடமும் கட்டும் முறையும்

என்ஜினைப் பின்கதவின் அருகே வைத்தால் வண்டியின் முன்பாகம் இலேசாகி, ஸ்டியரிங் பிடிப்பு குறையும். ஒரு பக்கமாக வைத்தால் திருப்பத்தில் வண்டி சாயும். ஆகவே இரு பக்கங்களுக்கும் நடுவில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, முன்பலகைக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள வெளியைக் கட்டைகளால் நிரப்ப வேண்டும். தளத்திலுள்ள எண்ணெயையும் மண்ணையும் துடைத்துவிட்டு, தொட்டிலுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்குவது குறையும். தொட்டிலைச் சுற்றிலும் ஆப்புக் கட்டைகளைத் தளத்தோடு பொருத்துக.

முன்நோக்கி எடையின் பத்தில் எட்டுப் பங்கும், பின்நோக்கியும் பக்கங்களிலும் பாதியும் தாங்குமாறு கட்ட வேண்டும் என்பது பாரம் கட்டுவதற்குரிய பொதுவான விதி. 300 கிலோ என்ஜினுக்கு முன்நோக்கி 240 கிலோ என்றாகிறது. கட்டு சாய்வாக இழுப்பதால் அதன் பலத்தில் ஒரு பகுதி வீணாகும். எனவே தாங்கும் பாரம் அச்சிடப்பட்ட, ஒவ்வொன்றும் 500 கிலோவுக்குக் குறையாத நான்கு ரேச்செட் பெல்ட்டுகளை நான்கு மூலைகளுக்கும் எதிரெதிராக இழுத்துக் கட்டுக. தேங்காய் நார்க்கயிறு அறுந்துவிடும். நைலான் கயிறு நீண்டு தளர்ந்துவிடும். பெல்ட்டை என்ஜினின் கனத்த வார்ப்பு பாகத்தில் மாட்ட வேண்டுமேயன்றி டீசல் குழாய், சைலன்சர், மேல்மூடி ஆகியவற்றில் மாட்டலாகாது. கூர்மையான விளிம்பு படுமிடத்தில் பழைய டயர்த் துண்டை அண்டை கொடுக்க வேண்டும்.

வழியில் கவனிக்க வேண்டியவை

புறப்பட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் சென்றதும் வண்டியை நிறுத்திக் கட்டுகளைப் பரிசோதிக்க வேண்டும். எவ்வளவு இறுக்கியிருந்தாலும் முதல் குலுக்கலில் சற்றுத் தளர்வது இயற்கை. பாவூர்சத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடுவில் மேலும் ஒரு தடவையாவது பார்ப்பது நல்லது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் நமது சாலைகளை நனைத்து வழுக்கலாக்குவதால், அக்காலத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தை மிஞ்சாமல், முன்செல்லும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும்.

என்ஜினைப் பிடித்துக்கொள்வதற்கென்று ஒரு ஆளைப் பின்னால் உட்கார வைக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். 300 கிலோ இரும்பை எந்த மனிதனும் பிடித்து நிறுத்த முடியாது. வண்டி குலுங்கினால் முதலில் நசுங்குபவன் அவனே. கூலிக்கு வந்தவனாயினும் பெற்ற பிள்ளையாயினும் முன்னால் டிரைவரின் அருகே இடமிருந்தால் அங்கே உட்காரட்டும். இல்லையேல் பஸ்ஸில் வரட்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஒரு நல்ல செயின் பிளாக், ஒரு முக்காலி, நான்கு ரேச்செட் பெல்ட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே வாங்கி வைப்பது சாத்தியமன்று. கிராமத்தார் கூடி ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால் வருஷம் முழுவதும் யாவருக்கும் உதவும். இதற்குக் கிராம அதிகாரிகள் முயற்சி எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பாதைகளில் கரை சரிந்த இடங்களை மழைக்காலத்துக்கு முன் செப்பனிடச் செய்வதும் அவர்களால் ஆகக்கூடியதே.

கட்டுவதற்கு ஆகும் காலம் அரைமணி நேரந்தான். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடத் தயங்கியதால் ஒரு போகத்தையும், சில வேளைகளில் ஒரு ஆளையும் இழக்க நேரிடுவது எவ்வளவு பரிதாபம் என்பதை விவசாயிகள் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.